ராகு காலத்திலை வெட்டின வலை

முதலிலையே சொல்லிப்போடுறன். எங்கடை பிளட்ஸ் கூரையிலை சோலர் ஏறினதுக்கு முழுக் காரணம் நான்தான். தற்பெருமை எண்டு நினைக்கிறவை நினைக்கட்டும். பன்னிரண்டு வீட்டுக்காரரை ஒரு முடிவுக்குக் கொண்டுவாறது தவளையைத் தராசிலை வைச்சு நிறுக்கிற வேலை. ஒண்டைப் பிடிச்சு வைச்சால் மற்றது பாய்ஞ்சிடும். ரெண்டு வருசம் நிறுத்தனான்.

வெள்ளவத்தையிலை, காலி வீதியிலையிருந்து கடலுக்கு இறங்கிற ஒழுங்கை ஒண்டிலை எங்கடை கட்டடம். ஆறு மாடி, மாடிக்கு ரெண்டு வீடு. நாங்கள் ஆறாம் மாடி. நாடே இருண்டு கிடந்து, விடிஞ்சால் பொழுதுபட்டால் கரண்ட் வெட்டின அந்தக் காலத்தை ஒருத்தரும் மறந்திருக்க மாட்டினம். லிப்ற் நிண்டிடும். தண்ணி மோட்டர் நிண்டிடும். இவருக்கு, அதுதான் என்ரை மனுசனுக்கு, முழங்கால் சரியில்லை. ஒரு நாள் மரக்கறிப் பையோட மூண்டாம் மாடிப் படியிலை குந்திட்டார். "இனி நான் மேலை வரேல்லை. எனக்கு இஞ்சையே சோத்தை அனுப்பும்" எண்டார். பகிடியாத்தான் சொன்னவர். ஆனால் முகத்திலை பகிடி இல்லை. அண்டைக்கு நினைச்சன், இந்தக் கூரையிலை காயிற வெய்யிலை லிப்ற்றுக்குள்ளை கொண்டுவராமல் விடுறேல்லை எண்டு.

நான் கொமிற்றியின்ரை செக்கரட்டரி. கொச்சிக்கடைப் பக்கம் ஒரு கப்பல் கொம்பனியிலை முப்பது வருசம் கிளார்க்கா இருந்தனான். கூட்டம் எண்டால் மினிற்ஸ் எழுதுறது என்ரை வேலை. நடந்ததை நடந்தபடி எழுதுவன். ஆர் முன்மொழிஞ்சது, ஆர் வழிமொழிஞ்சது, ஆர் இடையிலை எழும்பிப் போனது, எல்லாம் இருக்கும். என்ரை மினிற்ஸிலை ஒரு வசனத்தை மாத்த வேணும் எண்டு இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லாக் குடுத்திருப்பன்.

எல்லாரையும் வளைச்சன், ஒராளைத் தவிர. ரெண்டாம் மாடி ரீச்சர். பொம்பிளைப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலை விலங்கியல் படிப்பிச்சு ஓய்வெடுத்தவ, தனிய இருக்கிறவ. நான் கொண்டுவந்த ஒரு தீர்மானத்தையும் அவ ஒரு நாளும் வழிமொழிஞ்சதில்லை. படியிலை லைற் போடுவம் எண்டாலும் "யோசிக்க வேணும்" எண்டுவா. சோலர் எண்டதும் எழும்பி நிண்டு பாடமே எடுத்திட்டா.

"காட்டோரங்களிலை ஏக்கர் ஏக்கராப் பனலைப் போட்டு யானை போற பாதையை மறிக்கினம். பளபளக்கிற கண்ணாடியைத் தண்ணி எண்டு நினைச்சு நீர்ப்பறவை இறங்கும். தும்பி அதிலை முட்டையை இடும். உங்களுக்கு லிப்ற் ஓடினாக் காணும், என்ன?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ரீச்சர், இது வெள்ளவத்தை. இஞ்சை யானை காலி வீதியைக் கடந்து எங்கை போகப்போகுது, கடலிலை குளிக்கவோ?" எண்டன். எல்லாரும் சிரிச்சினம். அவ சிரிக்கேல்லை.

"யானையை விடுங்கோ. ஒரு குருவிக்கு ஒண்டு வந்தால் ஆர் பொறுப்பு?"

"ஒரு குருவிக்கும் ஒண்டும் வராது. நான் பொறுப்பு."

"அதை மினிற்ஸிலை எழுதுங்கோ, செக்கரட்டரி."

எழுதினன். என்ரை கையாலை, நீல மையிலை, அடிக்கோடும் போட்டு எழுதினன். கோவம் வந்தால் எனக்கு எழுத்து வடிவா வரும்.

பனல் பூட்ட வந்தது ஒரு புருசனும் பெண்சாதியும். அவர் கீழை வயர் வேலையும் கரண்ட் வெட்டேக்கை ஓடுற பற்றறி வேலையும், இவ கூரை வேலை. கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தாய் தேப்பன் தோட்டப் பக்கத்திலையிருந்து வந்து அங்கை குடியேறின ஆக்களாம். முப்பது வயசும் இருக்காது. களிசானைப் போட்டு, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மொட்டை மாடியிலையிருந்து தகரக் கூரைக்குப் போற இரும்பு ஏணியிலை அணில் மாதிரி ஏறினா. எனக்கு உடனையே பிடிச்சிட்டுது. அவவிட்டை ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னமும் பின்னமும் கூரைத் தகரத்திலை வயிறு பட நீட்டிப் படுப்பா. கன்னத்தைத் தகரத்தோட ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு வரிசைக்குக் கீழையும் டோர்ச் அடிச்சுப் பாப்பா. "என்ன பிள்ளை, சாமி கும்பிடுறியோ?" எண்டு கேட்டன். "இல்லைங்க ஆன்ட்டி, கீழ என்ன இருக்குன்னு தெரியாம மேல கை வைக்கக் கூடாதுங்க" எண்டா. கேக்க நல்ல வசனமா இருந்தது. தலையாட்டிப்போட்டு வந்திட்டன்.

பிறகு வந்த அந்த நாளை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன். ஒழுங்கை முழுக்கக் கரண்ட் இல்லை. முன் பிளட்ஸிலை ஆக்கள் பல்கனியிலை நிண்டு விசிறிக்கொண்டு நிக்கினம். எங்கடை லிப்ற் "டிங்" எண்டு திறந்தது. உள்ளை இவர், கையிலை மரக்கறிப் பை, முகத்திலை மாப்பிள்ளைச் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிட்டுது. போனிலை பனல் எவ்வளவு எடுக்குது எண்டு காட்டிற ஆப் ஒண்டு இருக்கு. வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு பேரப்பிள்ளையின்ரை படத்தைக் காட்டிற மாதிரி அதைத்தான் காட்டுவன். தேத்தண்ணி பிறகுதான்.

ஒரு விசயத்திலை ரீச்சர் சொன்னது சரி. மழை பெய்ஞ்சு விட்ட பின்னேரங்களிலை தும்பியள் வந்து பனல் கண்ணாடியிலை வாலைத் தட்டித் தட்டிப் பறக்கும். முட்டைதான் இட்டிருக்க வேணும். நான் கண்டனான். அவவுக்குச் சொல்லேல்லை. எனக்கும் ஒரு மரியாதை இருக்கெல்லே.

ஆனால் மற்றதை ஓடிப்போய்ச் சொன்னனான். குருவி! வெள்ளவத்தையிலை ஊர்க்குருவியைக் கண்டு எத்தினை வருசம்! பழைய ஓட்டு வீடுகளை இடிச்சு இடிச்சு பிளட்ஸ் கட்டினால் அதுகள் எங்கை கூடு கட்டிறது? கொங்கிறீற்றிலை ஒரு ஓட்டை உண்டோ? இப்ப தகரத்துக்கும் பனலுக்கும் இடையிலை ஒரு சாண் இடைவெளி, நிழல், காகத்துக்கு உள்ளை வரப் பயம். ஒரு சோடி வந்து அதுக்குள்ளை குடியேறிட்டுது. நான் கூட்டிற தும்புத்தடியிலையிருந்து தும்பைப் பிடுங்கிக்கொண்டு போறதை நானே பாத்தன். வட்ஸ்அப்பிலை பன்னிரண்டு வீட்டுக்கும் படம் போட்டன். ரீச்சரை கையைப் பிடிச்சு மேலை கூட்டிக்கொண்டு வந்து காட்டினன். கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டா. "ஆண் குருவி. கழுத்திலை கறுப்பு" எண்டா. அவ்வளவுதான். ஒரு நல்ல சொல்லு வந்துதோ? இல்லை. எனக்கு அது தேவையுமில்லை எண்டு அப்ப நினைச்சுக்கொண்டன். பொய்.

குருவி வந்த வழியாலை புறாவும் வந்தது. அது பெரிய ஆய்க்கினை. பனல் ஓரமெல்லாம் எச்சம், உடுப்புக் கொடியிலை எச்சம், ஆப்பிலை எண்ணிக்கை இறங்குது. ஐஞ்சாம் மாடிக்காரர் நஞ்சு வைக்கச் சொன்னார். "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திறியளோ?" எண்டு அவரை அடக்கினன். கொட்டாஞ்சேனைப் பிள்ளைதான் வழி சொன்னா. பனலைச் சுத்திவர கம்பி வலை அடிக்கலாம், புறா உள்ளை போகாது, ஒண்டுக்கும் நோகாது. குருவிக் குஞ்சுகள் பறந்த பிறகு அடிப்பம் எண்டு முடிவெடுத்தம். குஞ்சுகள் பறந்ததை என்ரை கண்ணாலை கண்டன். அதுக்குப் பிறகு ஒரு மாதம் கனடாவிலை மகளோட நிண்டுபோட்டு வந்தன். வந்த கையோட கலண்டரைப் பாத்து நாள் குறிச்சன். வெள்ளிக்கிழமை, காலமை, பத்தரைக்கு ராகு காலம் தொடங்க முன்னம் வேலை தொடங்க வேணும்.

எங்கடை ஆக்களுக்கு இது விளங்கும். ராகு காலத்திலை ஒரு நல்ல காரியம் தொடங்கப்படாது. அதுக்கு முன்னமே தொடங்கிட்டால் பிறகு ராகு வந்தாலும் பறவாயில்லை. ஆனால் தொடங்கின பிறகு இடையிலை நிப்பாட்டக் கூடாது. கப்பல் கொம்பனியிலை சம்பளப் புத்தகத்திலையே நான் அப்பிடித்தான் கையெழுத்து வைச்சனான்.

அண்டைக்கு இவர் விடிய எழும்பிப் புதுக்கடைக் கோட்டுக்குப் போயிட்டார், ஒரு காணி வழக்கு விசயமா. அந்தப் பிள்ளையும் புருசனுமோ காலி வீதி நெரிசலிலை ஓட்டோ மாட்டுப்பட்டு, பத்தே காலுக்குத்தான் வந்து இறங்கினவை. எனக்கு ஏற்கனவே உச்சிக்கு ஏறிட்டுது. அந்தப் பிள்ளை ஏணியாலை ஏறின உடனை படுக்க ஆயத்தம்.

"என்ன செய்யிறாய்?"

"பாத்துட்டு அடிக்கிறேங்க ஆன்ட்டி. அரை மணி நேரம்."

"அரை மணித்தியாலமோ! இன்னும் கால் மணித்தியாலத்திலை ராகு காலம். பிறகு பன்னிரண்டுக்கு மேலை அந்தத் தகரத்திலை நிண்டால் நீ அப்பளம் மாதிரிப் பொரிஞ்சிடுவாய்."

"அப்ப முதல் கிளிப்ப மட்டும் போட்டுடறேங்க. தொடங்குனதா ஆயிடும். அப்புறம் பாத்துக்கிட்டு மிச்சத்த போடலாம்."

எவ்வளவு புத்தியான கதை! இப்ப விளங்குது. அப்ப என்ன சொன்னனான் தெரியுமோ? "தொடங்கின வேலையை இடையிலை நிப்பாட்டக் கூடாது. குஞ்சு பறந்ததை நான் கண்டனான். இந்தக் கூரையிலை எனக்குத் தெரியாத குருவியோ?" எண்டு சொன்னனான். அவ ஒருக்கா என்னைப் பாத்தா, ஒருக்காப் பனலைப் பாத்தா. பிறகு எழும்பிக் கிளிப்பை எடுத்தா. பன்னிரண்டுக்குள்ளை நாலு பக்கமும் வலை அடிச்சு முடிஞ்சுது. நான் ஏணியிலை நிண்டு ஒவ்வொரு மூலையாப் பாத்தன். ஒரு பிசிறு இல்லை. வடிவான வேலை. வடையும் தேத்தண்ணியும் குடுத்து அனுப்பினன். பின்னேரம் இடியோட மழை. ஒருத்தரும் மேலை போகேல்லை.

எங்கடை வீட்டிலை காலைச் சாப்பாட்டிலை முதல் பிடி காகத்துக்கு. புட்டெண்டால் புட்டு, இடியப்பம் எண்டால் இடியப்பம். மேலை சுவரிலை வைச்சுக் கூப்பிடுறது இவரின்ரை வேலை. வைக்க முன்னமே வந்து நிக்கிற காகங்கள். சனிக்கிழமை காலமை போனவர், ஒன்பது மணி போலை திரும்பி வந்து, "இஞ்சரும், காகம் புட்டுக்கு வரேல்லை" எண்டார்.

"ஏன், புட்டுக்கு என்ன குறை?"

"புட்டுக்கு ஒண்டுமில்லை. எல்லாம் பனலடியிலை நிக்குதுகள். எட்டி எட்டிப் பாக்குதுகள்."

கரண்டியைப் போட்டுட்டு மேலை ஓடினன். கூரை ஓரத்திலை ஆறேழு காகம், தலையைச் சரிச்சு, வலைக்குள்ளை பாத்துக்கொண்டு. அதுகளிலையிருந்து ஒரு முழம் தள்ளி, கழுத்திலை கறுப்போட ஆண் குருவி. சொண்டிலை பச்சைப் புழு. வலையிலை வந்து மோதும், விழும், திரும்பப் பறக்கும், திரும்பவும் மோதும். புழுவை விடேல்லை.

"இஞ்சாருங்கோ! நான் இல்லாத நேரம் குருவி திரும்பவும் கட்டினதோ?"

"ஓம். பிறகும் குஞ்சு பொரிச்சதுகள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே. உமக்குத் தெரியாத குருவியே எண்டு இருந்திட்டன்."

கோதாரி! அந்த மனுசனை என்னெண்டு ஏசுறது? என்ரை வசனத்தை எனக்கே திருப்பித் தந்திட்டார், அதுவும் ஒண்டும் தெரியாமல். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு பிள்ளையளுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்.

கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தன். "ஐயோ ஆன்ட்டி, இப்பவே கெளம்பிட்டேன். ஒரு மணி நேரம் ஆகும். நீங்க ஏறாதீங்க" எண்டா. ஒரு மணித்தியாலம். நேற்று மத்தியானத்திலையிருந்து உள்ளை கிடக்குதுகள், ஒரு இரவும் மழையும் போயிட்டுது. வெய்யில் வேறை ஏறுது. "நான் ஏறுறன். எப்பிடி வெட்டிறது எண்டு மட்டும் சொல்லு" எண்டன். கிளிப்பின்ரை தலையைக் குறடாலை வெட்ட வேணும், வயர் ஒண்டிலையும் கை படக் கூடாது, பனலிலை கால் வைக்கக் கூடாது எண்டு சொன்னா. இவர் குறடு எடுத்துவரக் கீழை போனார்.

திரும்பினால் பின்னாலை ரீச்சர். ஈர உடுப்பு வாளியோட. எல்லாத்தையும் கண்டிட்டா. இந்தா வரப்போகுது எண்டு காத்திருந்தன். யானை, நீர்ப்பறவை, மினிற்ஸ், அடிக்கோடு, எல்லாம். எனக்கு அதைவிடக் கூரையிலையிருந்து குதிக்கலாம் போலை இருந்தது.

"எப்ப மூடினது?" எண்டு மட்டும் கேட்டா.

"நேற்று மத்தியானம்."

"திரும்பக் கட்டின கூடெண்டால் சிறகு முளைச்சிருக்கும். தாங்கும். கெதியா ஏறுங்கோ, நான் ஏணியைப் பிடிக்கிறன்."

இவர் குறட்டோட வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "இஞ்சரும், இப்ப ராகு காலம் எல்லே" எண்டார். சனிக்கிழமை ஒன்பதிலையிருந்து பத்தரை. பாவம், என்னோட இருந்து இருந்து அவருக்கும் மனப்பாடம். "ராகுவுக்கு நான் பிறகு பதில் சொல்லுறன். குறட்டைத் தாங்கோ" எண்டன்.

அறுபத்தொரு வயசு. நைற்றியை இடுப்பிலை சொருகிக்கொண்டு ஏறினன். தகரம் அப்பவே முழங்காலைச் சுட்டுது. அந்தப் பிள்ளை செய்யிற மாதிரியே வயிறு பட நீட்டிப் படுத்து, கன்னத்தைத் தகரத்திலை வைச்சு, டோர்ச் அடிச்சன். அப்பதான் தெரிஞ்சுது, அப்பிடிப் படுத்தால் எல்லாம் தெரியும். அரை மணித்தியாலமும் தேவையில்லை. மூண்டாம் பனலுக்குக் கீழை கூடு. தும்பு, நூல், ஆற்றையோ சட்டைப் பட்டி. ஒரு அசைவும் இல்லை.

முதல் கிளிப் வெட்டுப்படேல்லை. கை வேர்த்து வழுக்குது. வேலையை வடிவாச் செய்திருக்கிறா எண்டு நேற்றுப் புழுகினதெல்லாம் இப்ப எனக்கே வினையாப் போச்சு. ரெண்டு கையாலையும் குறட்டை இறுக்கி, பல்லைக் கடிச்சு, ஒண்டு. பிறகு ரெண்டு. காகம் கிட்டக் கிட்ட வருது. கீழை ரீச்சர் ஒரு கையாலை ஏணியைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை ஈரத் துவாயைச் சுழட்டி, "சூ! போ! போங்கோடா!" எண்டு கத்துறா. வகுப்பிலை கூட அப்பிடிக் கத்தியிருக்க மாட்டா. நாலாவது கிளிப் வெட்டினதும் வலை வளைஞ்சு குடுத்தது. கையை உள்ளை விட்டன்.

முதலிலை விரலிலை பட்டது குளிர்ந்து கிடந்தது. ஐயோ கடவுளே எண்டு வாய்விட்டு அழுதிட்டன். அது என்ரை பொறுப்பு. என்ரை கையாலை எழுதின பொறுப்பு. அடுத்ததிலை விரலை வைக்கேக்கை அது அசைஞ்சுது. பக்கத்திலை இன்னொண்டு. ரெண்டும் வாயைத் திறந்துதுகள், சத்தமில்லாமல், மஞ்சள் வாய், அவ்வளவு பெரிய வாய்.

"ரெண்டு இருக்கு! ரீச்சர், ரெண்டு உயிரோட இருக்கு!"

"தொடாமல் விடுங்கோ! இறங்கித் தள்ளி வாங்கோ, தாய் தேப்பன் வரட்டும்!"

செத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினன். மூண்டு பேரும் தண்ணித் தாங்கிக்குப் பின்னாலை போய் நிண்டம். காகங்களைக் கலைக்க இவர் புட்டுக் கிண்ணத்தை மற்ற மூலைக்குக் கொண்டுபோய்க் கொட்டினார். அதுகளும் வயித்துக்காரர்தானே, போயிட்டுதுகள். ஆண் குருவி வந்து வலை வளைஞ்ச இடத்திலை நிண்டுது. தலையை அங்கை திருப்பி, இங்கை திருப்பி, பிறகு உள்ளை போயிட்டுது. கொஞ்சத்தாலை கீச்சுக் கீச்செண்டு உள்ளையிருந்து சத்தம். ரீச்சர் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா எண்டது எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஓட்டோவிலையிருந்து இறங்கி ஓடிவந்தா. முழங்கால் எரிஞ்சு, கையிலை கீறல் விழுந்து, நான் கவிட்டு வைச்ச வாளியிலை குந்தியிருந்தன். "என் தப்புங்க ஆன்ட்டி. நான் பாத்திருக்கணும்" எண்டா. எனக்கு வந்த கோவம்!

"வாயை மூடு! நீ படுக்கத்தானே போனனி? எழுப்பினது ஆர்? ராகு காலம் எண்டது ஆர்? இனி ஆரும் அவசரப்படுத்தினால், நானே அவசரப்படுத்தினாலும், குறட்டைக் கீழை போட்டுட்டுப் போயிடு."

"சரிங்க" எண்டா. கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சா. பிறகு ஏறிப் படுத்து, எல்லா வரிசையும் பாத்து, வெட்டின ஓரத்தைக் குருவிக்கு வாசல் மாதிரி மடிச்சு விட்டா. செத்ததைக் கீழை செவ்வரத்தைப் பூச்செடியடியிலை தாட்டம்.

அதுக்குள்ளை வட்ஸ்அப் எரியுது. ஐஞ்சாம் மாடிக்காரர் எழுதியிருந்தார், அந்தப் பெட்டை கவனமில்லாத பெட்டை, இனி அவையைக் கூப்பிடக் கூடாது, வேறை ஆக்களைப் பிடிப்பம் எண்டு. நாலு பேர் அதுக்குப் பெருவிரல் காட்டினம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கீழ் மாடியிலை, பிளாஸ்ரிக் கதிரையளிலை.

நான் மினிற்ஸ் புத்தகத்தைத் திறந்து, எழுதி எழுதியே வாசிச்சன். "வெள்ளிக்கிழமை வலை அடிக்கேக்கை, வேலை செய்தவ முதலிலை கீழை பாக்க வேணும் எண்டு கேட்டா. செக்கரட்டரி ராகு காலத்தைக் காரணம் காட்டி விடேல்லை. ஒரு குருவிக் குஞ்சு செத்தது. பிழை செக்கரட்டரியுடையது. ஒரு குருவிக்கும் ஒண்டும் வராது எண்டு முன்னம் குடுத்த பொறுப்பிலை அவ தவறிட்டா."

தலைவர் இருமினார். "இதெல்லாம் மினிற்ஸிலை தேவையோ? ஒரு குருவிதானே" எண்டார்.

"அந்தப் பொறுப்பை எழுதினதும் இந்தப் புத்தகத்திலைதான். நடந்ததை நடந்தபடி எழுதுறனான்" எண்டன். ஐஞ்சாம் மாடிக்காரர் கதிரையிலை அசைஞ்சு இருந்தார்.

"அப்ப மிச்ச வலை எப்ப அடிக்கிறது?" எண்டு தலைவர் கேட்டார். பழக்கதோசம், மூண்டு பேர் போனிலை நல்ல நேரம் பாக்கத் தொடங்கினம். நான் எழுதிக்கொண்டே சொன்னன்: "நாள், குஞ்சுகள் பறந்த பிறகு. நேரம், அந்தப் பிள்ளை படுத்துப் பாத்து முடிச்ச பிறகு. வேலை செய்யிறது அதே பிள்ளை. இதை நான் முன்மொழியிறன்."

ஒரு கையும் எழும்பேல்லை. வழிமொழிய ஆள் இல்லாட்டித் தீர்மானம் இல்லை, அது சட்டம். பின் வரிசையிலை கதிரை ஒண்டு கிறீச்சிட்டது. ரீச்சர் எழும்பினா.

"இன்னொண்டையும் எழுதுங்கோ, செக்கரட்டரி" எண்டா. "ரெண்டு குஞ்சு உயிரோட இருக்கு. ராகு காலத்திலை கூரையிலை ஏறி, வலையை வெட்டி எடுத்தவ இந்தப் பிளட்ஸின்ரை செக்கரட்டரி. நான் ஏணி பிடிச்சனான், நான் சாட்சி. எல்லாத்தையும் நான் வழிமொழியிறன்."

எழுதினன். அந்தப் பக்கத்திலை மட்டும் என்ரை எழுத்துக் கோணல். வாற ஆக்களுக்கு இப்ப ஆப்புக்கு முதல் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுறனான்.